கொழும்பு வீட்டுக்கு ஏற்ற சிற்றலை வானொலிப் பெட்டியைத் தெரிவு செய்வது எப்படி?

கொழும்பில் ஷோர்ட்வேவ் எனப்படும் சிற்றலையைக் கேட்கும் கையடக்க வானொலிப் பெட்டி வாங்க விரும்புபவர், கடைக்குப் போவதற்கு முன்பு அதை எங்கே வைத்துக் கேட்கப் போகிறார் என்பதை ஆராய வேண்டும். எத்தனை பாண்ட், எவ்வளவு பெரிய திரை, புளூடூத் உண்டா என்ற கேள்விகளே பலருக்கும் முதலில் எழுகின்றன. ஆனால் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் மாடியில் வசிப்பவருக்குத் தூரத்து நிலையம் தெளிவாகக் கேட்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை, அவருடைய வீட்டிலும் அயல் வீடுகளிலும் இயங்கிக்கொண்டிருக்கும் எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் இன்வேர்ட்டர் குளிரூட்டிகளும்தான். இரைச்சல் மிகுந்த வீட்டில் விலையுயர்ந்த பெட்டியும் இரைச்சலையே தரும். அமைதியான பல்கனியில் சிறிய பெட்டியும் கண்டங்களைக் கடந்து வரும் குரலைக் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே இரைச்சலைத் தவிர்க்கக்கூடிய, இரைச்சல் குறைந்த இடத்துக்கு எளிதாகத் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டியே நம் ஊருக்கு உகந்தது. பின்வரும் ஆலோசனைகள் எல்லாம் இந்த எண்ணத்தை ஒட்டியவையே.

எதைக் கேட்கப் போகிறீர்கள்?

கொழும்பு வானொலி 1925 டிசெம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. பிற்காலத்தில் ஏக்கலை ஒலிபரப்பு நிலையத்திலிருந்து சிற்றலையில் சென்ற இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழ்நாடு முழுவதும் வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் மக்கள் விரும்பிக் கேட்டார்கள். அந்தக் காலத்துச் சிற்றலையை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று பெட்டி வாங்கக் கூடாது. பிபிசி தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியுடன் நிறைவு பெற்றது. வேறு பல நாடுகளும் தங்கள் சிற்றலைச் சேவைகளைக் குறைத்துவிட்டன. ஆயினும் அலைகள் வெறுமையாகிவிடவில்லை. சீன வானொலியும் வத்திக்கான் வானொலியும் தமிழில் ஒலிபரப்புகின்றன. பிபிசி உலக சேவையின் ஆங்கில ஒலிபரப்பு தெற்காசியாவை நோக்கி வருகிறது. ஜப்பான், கொரியா, துருக்கி, ருமேனியா ஆகிய நாடுகளின் வெளிநாட்டுச் சேவைகளும் இன்னும் சிற்றலையில் இருக்கின்றன. இவற்றுக்கு அப்பால், உலகெங்கும் வானொலியில் பேசுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட அமெச்சூர் வானொலியாளர்கள் தமக்குள் உரையாடும் பகுதிகளும் உண்டு. நம் நாட்டவர்களின் அழைப்புக் குறிகள் 4எஸ்7 என்று தொடங்குவதைப் பழகிய நேயர்கள் உடனே அடையாளம் காண்பார்கள்.

இணையத்தில் எல்லாம் கிடைக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததையும், அதே ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதையும் அனுபவித்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. பற்றரியில் இயங்கும் ஒரு பெட்டிக்குத் தொலைபேசிக் கோபுரமும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

நீங்கள் கேட்க விரும்புவது எது என்பதைப் பொறுத்துப் பெட்டியின் தரம் மாறுகிறது. தமிழ் ஒலிபரப்புகளும் ஆங்கிலச் செய்திகளும் மட்டும் போதும் என்றால் எளிய டிஜிட்டல் பெட்டியே போதும். அமெச்சூர் வானொலியாளர்களின் பேச்சையும் கேட்க ஆசை இருந்தால் எஸ்எஸ்பி எனப்படும் ஒற்றைப் பக்கப்பட்டை வசதி கட்டாயம் வேண்டும்; அது இல்லாத பெட்டியில் அவர்களுடைய பேச்சு வாத்து கத்துவதைப் போலவே கேட்கும், ஒரு சொல்லும் விளங்காது.

முதலில் வீட்டைக் கேளுங்கள்

வாங்குவதற்கு முன்பு, சிற்றலை உள்ள ஏதாவதொரு பழைய பெட்டியை உறவினரிடமோ நண்பரிடமோ இரவல் வாங்கி, ஒரு மாலை நேரத்தை இதற்காக ஒதுக்குங்கள். பெட்டியைப் பற்றரியில் இயக்கி, 7 அல்லது 10 மெகாஹேர்ட்ஸ் அருகே நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்குள் மெதுவாக நடந்து பாருங்கள். வைஃபை ரௌட்டரின் பக்கத்தில் ஒரு வகை இரைச்சல், தொலைபேசிச் சார்ஜரின் அருகே வேறொரு வகை, குசினியில் எல்இடி குழல் விளக்கைப் போட்டதும் இன்னொரு வகை என்று ஒவ்வொன்றும் தனக்கென ஒரு குரலோடு எழுவதைக் கேட்பீர்கள். சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றியவுடன் ரீங்காரம் அறுந்துபோவதை ஒரு தடவை கேட்டவருக்கு அதன் பின்னர் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு வீட்டாரிடம் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் அடங்கினால் அதற்குக் காரணம் உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கலாம். அணைத்த பின்னும் அப்படியே இருந்தால், அது அயல் வீட்டிலிருந்தோ, மின்தூக்கியிலிருந்தோ, கூரையில் உள்ள சூரியமின் இன்வேர்ட்டரிலிருந்தோ வருகிறது.

இந்தச் சோதனையின் முடிவு பெட்டியின் தெரிவை நேரடியாகப் பாதிக்கும். அமைதியான மூலை ஒன்று வீட்டில் கிடைத்தால் மேசை மீது வைக்கும் அளவுக்குப் பெரிய, நல்ல ஒலிபெருக்கி உள்ள பெட்டியை வாங்கலாம். வீடு முழுவதும் இரைச்சல் என்றால், சட்டைப் பையில் அல்லது சிறிய பையில் அடங்கும் பெட்டியை வாங்கி, மொட்டை மாடிக்கோ கடற்கரைக்கோ எடுத்துச் செல்வதே அறிவு. காலி வீதிக்கு அப்பால் புகையிரதப் பாதையையும் தாண்டிக் கடலோரத்தில் நிற்பவர்களுக்கு இன்னொரு நன்மை உண்டு: உப்பு நீர்ப் பரப்பு நல்ல மின்கடத்தியாக இருப்பதால், தாழ்வான கோணத்தில் கடல் மேலாக வரும் தொலைதூர அலைகள் அங்கே பலமாகக் கிடைக்கும். இரும்புக் கம்பி இட்ட கொங்கிறீற் சுவர்களுக்கு நடுவே, உள் அறையில் அமர்ந்துகொண்டு பெட்டியைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

நேரமும் அலைவரிசையும்

சிற்றலையில் எப்போது எங்கே தேட வேண்டும் என்பதை அறியாமல் பெட்டியின் தரத்தை மதிப்பிட முடியாது. பகலில் உயர்ந்த அலைவரிசைகளும் இரவில் தாழ்ந்த அலைவரிசைகளும் பயன்படும் என்பது பொது விதி. பாண்ட் எனப்படும் பட்டைகளில், 15,100 முதல் 15,800 கிலோஹேர்ட்ஸ் வரையான 19 மீற்றர் பட்டையும் 17,480 முதல் 17,900 வரையான 16 மீற்றர் பட்டையும் பகலுக்கு உரியவை. மாலை மயங்கிய பிறகு 9,400 முதல் 9,900 வரையான 31 மீற்றர் பட்டையும், 7,200 முதல் 7,450 வரையான 41 மீற்றர் பட்டையும் உயிர் பெறும். 11,600 முதல் 12,100 வரையான 25 மீற்றர் பட்டையில் இரண்டு வேளைகளிலும் ஏதாவது கேட்கும். பெட்டியின் வீச்சு இவை அனைத்தையும் இடைவெளி இல்லாமல் உள்ளடக்குகிறதா என்று பார்க்க வேண்டும். மலிவுப் பெட்டிகள் சில, பட்டைகளைத் துண்டு துண்டாகத் தந்துவிட்டு நடுவில் உள்ளவற்றை விட்டுவிடுகின்றன.

நிலையங்களின் நேர அட்டவணைகள் உலகப் பொது நேரத்தில் வெளியிடப்படுகின்றன. அதனுடன் ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் நம் நேரம் கிடைக்கும். அட்டவணையில் 1400 என்று இருந்தால் நமக்கு இரவு 7.30. மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்றும் ஒக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்றும் அட்டவணைகள் மாறும் என்பதால், நேற்று வரை கேட்ட நிலையம் திடீரெனக் காணாமற் போனால் பெட்டியைச் சந்தேகிக்கும் முன் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும்.

நம் ஊருக்கென்று இரண்டு தனித்தன்மைகள் உள்ளன. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு அருகே செல்கிறது. கொழும்பும் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சூரியன் மறைந்த பின்னர் இந்தப் பகுதியில் சிற்றலையைப் பூமிக்குத் திருப்பி அனுப்பும் வான் அடுக்கான அயன மண்டலம் மேலெழுந்து கலங்குவதால், முக்கியமாக மார்ச், ஏப்ரல், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில், தொலைவிலிருந்து வரும் குரல் சிறகடிப்பது போன்ற வேகமான நடுக்கத்தோடு கேட்கும். சூரியச் செயற்பாடு உச்சத்தை எட்டும் ஆண்டுகளில் இது கூடுதலாக இருக்கும். 2019 டிசெம்பரில் தொடங்கிய தற்போதைய சூரியச் சுழற்சி 2024 இல் உச்சத்தை அடைந்தது. இரண்டாவது, பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை தோறும் உருவாகும் இடிமழை. மின்னல் ஒவ்வொன்றும் தாழ்ந்த பட்டைகளில் படார் என்று வெடிக்கும். அந்த வாரங்களில் பெட்டி வாங்கி முதல் நாளே மனம் சோர்ந்துபோக வேண்டாம்.

பெட்டிக்குள் பார்க்க வேண்டியவை

அலைவரிசையைக் கிலோஹேர்ட்ஸ் வரை எண்ணால் காட்டும் டிஜிட்டல் திரை கட்டாயம் என்றே நான் சொல்வேன். சிற்றலை நிலையங்கள் ஐந்து கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. முள் நகரும் டயலில் ஒரு மயிரிழை அகலத்துக்குள் பல நிலையங்கள் அடங்கிவிடுவதால், அட்டவணையில் 9,665 என்று இருப்பதை அதில் தேடிப் பிடிப்பது புதியவருக்கு இயலாத காரியம். அதோடு பெட்டி சூடேற ஏற அலைவரிசை நழுவிக்கொண்டே இருக்கும். எண் பொத்தான்களால் அலைவரிசையை நேரடியாக உள்ளிடும் வசதியும் இருந்தால் அன்றாடப் பாவனை மிக இலகுவாகிவிடும்.

அடுத்தது, பக்கத்து நிலையத்தைத் தள்ளி வைக்கும் திறன். பெட்டி ஒரே நேரத்தில் உள்ளே எடுக்கும் அலைப்பட்டையின் அகலத்தைக் கேட்பவரே மாற்றக்கூடிய வசதி இதற்கு மிகவும் உதவும். அமைதியான வேளையில் 6 கிலோஹேர்ட்ஸ் அகலத்தில் குரல் இயல்பாகக் கேட்கும். நெரிசலான 31 மீற்றர் பட்டையில் 3 அல்லது 2 க்குக் குறைத்தால் சற்று மந்தமாகினாலும் சொற்கள் பிரிந்து தெரியும். கொழும்பு வீட்டு இரைச்சலையும் இது ஓரளவு குறைக்கும். அதிக உணர்திறன் என்ற விளம்பரத்தை விட இந்த வசதிக்கே நான் மதிப்புக் கொடுப்பேன், ஏனெனில் நகரத்தில் உணர்திறன் கூடினால் இரைச்சலும் சேர்ந்தே கூடும்.

மலிவான முள் டயல் பெட்டிகளில் பலவும், பிடித்த அலையை உள்ளே 455 கிலோஹேர்ட்ஸ் எனும் இடைநிலை அலைவரிசைக்கு ஒரே தடவை மாற்றும் ஒற்றை மாற்றத்தில் இயங்குபவை. அவற்றில் ஒரே நிலையம் இரண்டு இடங்களில் கேட்கும். 15,500 இல் பலமாக ஒலிக்கும் நிலையம், 455 இன் இரு மடங்கான 910 கிலோஹேர்ட்ஸ் கீழே 14,590 இலும் போலியாகத் தோன்றும்; அந்தப் போலி, உண்மையில் அங்கே இருக்கக்கூடிய மெல்லிய நிலையத்தை மூடிவிடும். இரண்டு தடவை மாற்றும் இரட்டை மாற்றப் பெட்டிகளிலும், சமிக்ஞையை எண்களாக்கிக் கையாளும் டிஎஸ்பி சில்லு கொண்ட நல்ல பெட்டிகளிலும் இந்தக் குறை மிகக் குறைவு.

டிஎஸ்பி பெட்டிகளுக்கே உரிய ஒரு குணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சமிக்ஞை பலவீனமாகும்போது ஒலியைத் தானாகவே தாழ்த்திவிடும் அமைப்பு சில சில்லுகளில் உண்டு. பண்பலையில் இது வசதியானதுதான். ஆனால் மேலே சொன்ன மாலை நேர நடுக்கத்தின்போது, குரல் மங்கும் ஒவ்வொரு கணத்திலும் பெட்டியும் வாயை மூடிக்கொள்ளும். வசனத்தின் நடுச் சொற்கள் விழுங்கப்படும். மனித காது இரைச்சலுக்குள் இருந்து குரலைப் பிரித்தெடுக்க வல்லது, பெட்டி அதற்கு இடம் கொடுக்க வேண்டும். வாங்கும்போது பலவீனமான ஒரு நிலையத்தைப் பிடித்து, அது மங்கும்போது இரைச்சலோடு சேர்ந்து இயல்பாக மங்குகிறதா, அல்லது வெட்டுப்பட்டாற்போல் அடங்குகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

இந்த நடுக்கத்துக்கும் மங்கலோடு வரும் ஒலிச் சிதைவுக்கும் ஓரளவு மருந்தாக இருப்பது ஒத்திசைவுப் பிரிப்பு எனப்படும் வசதி. நிலையத்திலிருந்து குரலைச் சுமந்து வரும் தாங்கி அலை மங்கும்போது, அதற்கு இணையான ஓர் அலையைப் பெட்டி தானே உருவாக்கிக் குரலை மீட்டெடுக்கிறது. தாங்கி அலையின் இருபுறமும் குரல் பரவியிருக்கும் பகுதிகளே பக்கப்பட்டைகள்; கேட்பவர் மேல் பக்கப்பட்டையை அல்லது கீழ்ப் பக்கப்பட்டையைத் தெரிவு செய்ய முடிந்தால், ஒரு பக்கத்திலிருந்து நெருக்கும் நிலையத்தையும் விலக்கிவிடலாம். எஸ்எஸ்பி உள்ள பெட்டியில் மெல்லிய படிகளில், 10 ஹேர்ட்ஸ் அளவில், சுருதி சேர்க்க முடிகிறதா என்பதையும் கவனியுங்கள். அமெச்சூர் வானொலியாளர்கள் 10 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே கீழ்ப் பக்கப்பட்டையையும் அதற்கு மேலே மேல் பக்கப்பட்டையையும் பயன்படுத்துவது வழக்கம். 7,000 முதல் 7,200 வரையும் 14,000 முதல் 14,350 வரையும் அவர்களை எளிதாகக் காணலாம்.

பண்பலையையும் மத்திய அலையையும் அலட்சியம் செய்யக் கூடாது. புயலோ வெள்ளமோ வரும் நாளில் உள்ளூர் அறிவித்தல்கள் தென்றல், சூரியன், சக்தி போன்ற பண்பலைகளில்தான் முதலில் வரும், சிற்றலையில் அல்ல. மத்திய அலையில் நம் நாட்டு இடைவெளி 9 கிலோஹேர்ட்ஸ். அமெரிக்கச் சந்தைக்கென 10 கிலோஹேர்ட்ஸ் படியில் அமைத்த பெட்டியென்றால் 9 க்கு மாற்றும் வசதி இருக்க வேண்டும். வெளி ஏரியல் இணைக்கும் துளை இருப்பது நல்லது. புளூடூத், யுஎஸ்பி, மெமரி கார்ட், டோர்ச், சூரியத் தகடு எல்லாம் ஒரே பெட்டிக்குள் அடங்கிய, மரப் பெட்டி போலத் தோற்றமளிக்கும் மாதிரிகளைப் புறக்கோட்டையில் நிறையக் காணலாம். பாட்டுக் கேட்க அவை போதும். சிற்றலைக்கென்று அவற்றை வாங்க வேண்டாம். சிற்றலைப் பகுதி ஒப்புக்குச் சேர்க்கப்பட்டிருக்கும், உள்ளே இருக்கும் மற்றச் சுற்றுகளே இரைச்சலையும் கிளப்பும்.

பற்றரி

எல்லாப் பெட்டிகளையும் சார்ஜரில் மாட்டாமல் பற்றரியில் கேட்பதே முறை, ஏனெனில் பெரும்பாலான யுஎஸ்பி சார்ஜர்கள் சிற்றலை முழுவதும் இரைச்சலைப் பரப்புகின்றன. எந்த வகைப் பற்றரி என்பதை உங்கள் ஒழுங்கைக் கடையை நினைத்துத் தீர்மானியுங்கள். பேனா அளவு ஏஏ பற்றரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். நீண்ட மின்தடையில் அதற்கு நிகர் இல்லை. பழைய நோக்கியா தொலைபேசிகளின் பிஎல்-5சி பற்றரி, தொலைபேசி திருத்தும் கடைகளில் கிடைக்கும். 18650 லித்தியம் பற்றரி நீண்ட நேரம் உழைக்கும், ஆனால் 9,900 மில்லி அம்பியர் மணி என்றெல்லாம் அச்சிட்டு விற்கப்படுபவை பொய்யானவை. உண்மையான 18650 பற்றரியின் கொள்ளளவு பெரும்பாலும் 3,500 ஐத் தாண்டாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பழைய பெட்டியில் 120 வோல்ட் அடாப்டர் இருந்தால் அதை நம் 230 வோல்ட் மின்சாரத்தில் ஒருபோதும் மாட்ட வேண்டாம்.

சில பெயர்கள்

கையடக்கப் பெட்டிகளில் இன்று அதிகம் பேசப்படுவது சீனாவின் டெக்சன் நிறுவனத்தின் தயாரிப்புகள். பிஎல்-330 கைக்குள் அடங்கும் அளவு, எஸ்எஸ்பி உண்டு, அகலம் மாற்றலாம், வெளி ஏரியல் துளை உண்டு, பிஎல்-5சி பற்றரியில் இயங்கும். கொழும்புத் தொடர்மாடி வாசி ஒருவர் முதல் பெட்டியாக எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் இதையே சொல்வேன்; மொட்டை மாடிக்கு எடுத்துப் போக இதை விட வசதியானது குறைவு. ஒத்திசைவு வசதி இதில் இருந்தாலும் நிலையாகப் பற்றி நிற்பதில்லை. அந்த வசதியே முக்கியம் என்றால் பிஎல்-660 அல்லது அதன் வழிவந்த பிஎல்-680 சிறந்தவை. இரட்டை மாற்றம், நான்கு ஏஏ பற்றரி, விமானிகளின் உரையாடலைக் கேட்கும் விமானப் பட்டை ஆகியவையும் அவற்றில் உள்ளன. எக்ஸ்எச்டேட்டா டி-808 பெட்டியிலும் எஸ்எஸ்பியும் விமானப் பட்டையும் உண்டு. அது 18650 பற்றரியில் இயங்குவது. வீட்டில் அமைதியான மூலையும் கையில் கூடுதல் பணமும் உள்ளவர்கள், ஒலியின் இனிமைக்காக பிஎல்-880 ஐப் பார்க்கலாம். எஸ்எஸ்பி வேண்டாம், செலவும் குறைய வேண்டும் என்போருக்கு மூன்று ஏஏ பற்றரியில் ஓடும் பிஎல்-310இடி போதுமானது. பிஎல்-330, டி-808 ஆகியவை வெளிநாடுகளில் வழமையாக நூறு டொலருக்குள் விற்கப்படுகின்றன. இங்கே தருவிக்கும்போது தபால் செலவையும் தீர்வையையும், 2024 ஜனவரி முதல் 18 சதவீதமாக உள்ள வற் வரியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

பேசவும் கேட்கவும் இயலும் வோக்கி டோக்கி வகைக் கருவிகளைச் சிலர் வானொலிப் பெட்டி என்றே விற்பார்கள். ஒலிபரப்பக்கூடிய எந்தக் கருவிக்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. கேட்கும் பெட்டி வாங்க வந்தவர் அவற்றை விட்டு விலகி நிற்பதே நல்லது.

கடையில் சோதிப்பது

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடைக்குள் நின்றபடி சிற்றலையைச் சோதிப்பது வீண். தலைக்கு மேல் நூறு விளக்குகளும் சுற்றிலும் தொலைக்காட்சிகளும் எரியும்போது எந்தப் பெட்டியும் சீறத்தான் செய்யும். கடைக்காரரிடம் சொல்லி, புதிய பற்றரி போட்டு, தெருவாசலுக்கு வந்து ஏரியலை முழுவதுமாக நீட்டிச் சோதியுங்கள். பகலில் போவதால் 15 மெகாஹேர்ட்ஸ் பகுதியில் தேடுங்கள். கடைக்குள்ளேயே பார்க்கக்கூடியவையும் உண்டு: ஏரியலின் அடி மூட்டு ஆடாமல் நிற்கிறதா, திருகியைச் சுழற்றும்போது எண்கள் தாவாமல் ஒவ்வொன்றாக மாறுகின்றனவா, பொத்தான்களின் எழுத்து வாசிக்கும் அளவுக்குப் பெரிதா, பற்றரி மூடி பலமா. அலைவரிசை துல்லியத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மாலையில் 10,000 கிலோஹேர்ட்ஸில் சீனாவின் பிபிஎம் நேரச் சமிக்ஞை நிலையம் ஒவ்வொரு செக்கனுக்கும் ஒரு டிக் ஒலியை அனுப்பிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்பி பெட்டியில் அதைப் பிடித்து, கீழ், மேல் பக்கப்பட்டைகளுக்கு மாற்றி மாற்றிக் கேட்டால் பின்னணிச் சுருதி ஒன்றாகவே இருக்க வேண்டும். வெகுவாக வேறுபட்டால் பெட்டியின் அளவீடு சரியில்லை. மாலை வரை காத்திருக்க முடியாது என்பதால், மாற்றித் தரும் கால எல்லையை ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டில் இதைச் செய்யலாம்.

பழைய பெட்டிகளில் சோனி ஐசிஎஃப்-எஸ்டபிள்யூ7600ஜிஆர் இன்றும் விரும்பப்படுவது. உற்பத்தி நின்றுவிட்டாலும் ஒத்திசைவும் எஸ்எஸ்பியும் கொண்ட உறுதியான பெட்டி அது. அதே நிறுவனத்தின் எஸ்டபிள்யூ1 இல் கொள்ளளவிகள் கசிவதும், எஸ்டபிள்யூ100 இல் மூடியை இணைக்கும் நாடாக் கம்பி அறுவதும் நன்கு அறியப்பட்ட குறைகள் என்பதால், திருத்தப்பட்டதென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் அவற்றை வாங்குங்கள். எந்தப் பழைய பெட்டியிலும் பற்றரி அறையைத் திறந்து பச்சை அல்லது வெள்ளைப் பூஞ்சணம் போன்ற கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் பூச்சுள்ள உடலை விரலால் தடவிப் பாருங்கள். நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அந்தப் பூச்சு காலப்போக்கில் பிசுபிசுக்கத் தொடங்கும்.

வாங்கிய பின்

முதலில் பெட்டியோடு வரும் ஏரியலிலேயே சில வாரங்கள் கேளுங்கள். பிறகு ஏழு மீற்றர் அளவு மெல்லிய கம்பி ஒன்றைப் பல்கனிக்கு வெளியே, சுவரிலிருந்தும் மின்கம்பிகளிலிருந்தும் விலக்கிக் கட்டி இணைத்துப் பாருங்கள். அதற்கு மேல் நீளமான கம்பி கையடக்கப் பெட்டியைத் திணறடித்து, நிலையங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குழப்பிவிடும். உணர்திறனைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் அப்போது பயன்படுத்துங்கள். கம்பி போட இடமில்லாதவர்கள் வளைய வடிவ ஏரியலை நாடலாம். வளையத்தைத் திருப்பி இரைச்சல் வரும் திசையை ஓரளவு அடைத்துவிட முடிவதே அதன் சிறப்பு. அதற்கான மின்சாரத்தைச் சார்ஜரிலிருந்து எடுக்காமல் பவர் பாங்கிலிருந்து எடுங்கள்.

இடி முழக்கம் தொலைவில் கேட்கும்போதே வெளிக் கம்பியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். மின்னல் நேராக விழாவிட்டாலும், அருகில் விழும்போது கம்பியில் தூண்டப்படும் மின்னோட்டம் பெட்டியின் முன்பகுதிச் சுற்றை எரித்துவிடப் போதுமானது. கடலோர வீடுகளில் ஏரியல் குழாய்கள் உப்புக் காற்றில் அரித்து இறுகிவிடும். மாதம் ஒரு தடவை உலர்ந்த துணியால் துடைத்து, பாவிக்காத நேரத்தில் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பல நாட்கள் கேட்கப் போவதில்லை என்றால் ஏஏ பற்றரிகளை வெளியே எடுத்துவிடுங்கள்.